ஆபரேஷனில் போடும் தசைத் தளர்த்தி ஊசி: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தாராவி, ஆன்டாப் ஹில், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்திலிருந்து ஆபரேஷனுக்கு வரும் தமிழர்களோடு பேசுவது மயக்க மருத்துவராகிய எனக்கு அன்றாட வேலை. ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் உடம்பை அசையவிடாமல் செய்யும் ஒரு ஊசி இருக்கிறது என்பதையே பலருக்கு யாரும் சொன்னதில்லை. அதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், கேட்காமல் விட்டாலும் தெரிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு விவரம் ஒன்றை முன்கூட்டியே சொல்வதால் பெரிய சிக்கல் ஒன்று வராமலே போகலாம்.

தசைத் தளர்த்தி என்றால் முதுகுப் பிடிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைதானே?

இல்லை. பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகோல்சிகோசைடு, குளோர்சோக்சசோன் போன்றவை இறுகிய தசையைக் கொஞ்சம் இளக்குபவை. ஆபரேஷன் தியேட்டரில் போடுவது வேறு ரகம். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது முழுவதுமாகத் தடுத்துவிடும். கை, கால், கண்ணிமை, வயிறு, மூச்சு விடும் தசை எதுவும் வேலை செய்யாது. இதயம் மட்டும் வழக்கம்போலத் துடிக்கும்; அதன் தசை வேறு வகையைச் சேர்ந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி கேட்கும் பெயர்கள் ஸ்கோலின் என்று எல்லோரும் சொல்லும் சக்சினைல்கோலின், வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராகுரியம்.

அப்படியானால் மூச்சு நின்றுவிடுமா?

ஆமாம், நின்றுவிடும். இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் மூச்சு நிற்கும் என்று தெரிந்துதான் அந்த ஊசியைப் போடுகிறோம். போடுவதற்கு முன்பே முகத்தில் மாஸ்க் வைத்து நுரையீரல் நிறைய ஆக்சிஜன் கொடுத்திருப்போம். ஊசி வேலை செய்ததும் தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் டியூப் போட்டு இயந்திரத்தோடு இணைப்போம். நீங்களாக மூச்சு விடத் தொடங்கும் வரை மயக்க டாக்டர் உங்கள் தலைமாட்டை விட்டு நகரக் கூடாது. 'ஊசி போட்டு அவர் போய்விடுவாரா?' என்று பலர் கேட்கிறார்கள். போகக் கூடாது. ஆபரேஷன் முடியும் வரை தகுதி பெற்ற மயக்க மருத்துவர் தியேட்டரில் இருப்பாரா என்று, முக்கியமாகச் சின்ன நர்சிங் ஹோம்களில், தயங்காமல் கேளுங்கள்.

மயக்கம் கொடுத்தால் போதாதா? இது எதற்கு?

மயக்க மருந்தை மட்டும் வைத்து வயிற்றுத் தசையை இளக்க வேண்டுமானால் மிக அதிக அளவு கொடுக்க வேண்டும். பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்; ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி தவிக்க நேர்ந்தது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குராரே என்ற நஞ்சுக்கு உடம்பைத் தளர்த்தும் சக்தி உண்டு. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்ற இருவர் அதைக் குடல்வால் ஆபரேஷனில் பயன்படுத்தினார்கள். மயக்கத்தைக் குறைவாக வைத்துக்கொண்டே வயிற்றைத் தளர்த்தலாம் என்ற வழி அதற்குப் பிறகு பரவியது. இன்று லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் வாயுவை நிரப்பிச் சின்னத் துளை வழியாகப் பித்தப்பையை எடுக்கும்போது, நோயாளி ஒருமுறை இருமினாலே கருவி பக்கத்து உறுப்பில் பட்டுவிடும். மூளை, கண் ஆபரேஷன்களுக்கும் இதே கவலை உண்டு.

எல்லா ஆபரேஷனுக்கும் இதைப் போடுவார்களா?

மாட்டார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியன், முட்டி மாற்று போன்றவற்றுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. முழு மயக்கத்திலும், சின்ன ஆபரேஷனாக இருந்து தொண்டை மேல்பகுதியில் மட்டும் மாஸ்க் வைத்தால் போதுமென்றால், பல நேரம் இதைத் தவிர்த்துவிடுவோம்.

உடம்பு அசையாமல் இருந்து, நினைவு மட்டும் இருந்துவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. தசைத் தளர்த்தி தூக்கம் தராது, வலியைக் குறைக்காது, மூளைக்குள்ளும் போகாது. தூக்கத்துக்கு ஒரு மருந்து, வலிக்கு ஒரு மருந்து, தளர்வுக்கு இது என்று மூன்றையும் தனித்தனியாகக் கொடுக்கிறோம். தூக்க மருந்து குறைந்துபோனால், இந்த ஊசி போட்டவரால் கையை ஆட்டித் தெரிவிக்க முடியாது.

எவ்வளவு அபூர்வம்? பிரிட்டனில் நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2014இல் வந்தன. முழு மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இடையில் நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார். தசைத் தளர்த்தி போட்டவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 8,000 பேருக்கு ஒருவர். போடாதவர்களில் சுமார் 1,36,000 பேருக்கு ஒருவர். முழு மயக்கத்தில் செய்த சிசேரியனில் சுமார் 670 பேருக்கு ஒருவர். தாய்க்கும் குழந்தைக்கும் உடனடி ஆபத்து இல்லாதபோது சிசேரியனுக்கு முதுகு ஊசியை விரும்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் அவற்றில் ஒன்று.

தியேட்டரில் இதைத் தடுக்க, நீங்கள் வெளிவிடும் மூச்சில் மயக்க வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே இருப்போம். சில இடங்களில் நெற்றியில் ஒட்டும் பட்டை வழியாக மூளையின் மின்னலைகளையும் பார்ப்போம். முன்பு ஒரு ஆபரேஷனில் பேச்சுக் குரல் கேட்டது, ஏதோ இழுப்பது தெரிந்தது என்று உங்களுக்கு நினைவிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் 'கனவு கண்டிருப்பே' என்று வாயடைக்காதீர்கள். அது அவர்களைப் பல வருஷம் உறங்கவிடாத அனுபவமாக இருக்கலாம். மயக்க டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பேசவையுங்கள்.

எங்கள் சித்தப்பாவுக்குச் சின்ன ஆபரேஷன்தான், ஆனால் பல மணி நேரம் மூச்சு வராமல் மெஷினில் வைத்திருந்தார்கள். எங்களுக்கும் அப்படி ஆகுமா?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஸ்கோலின் வேகமான ஊசி. ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும். அவசர ஆபரேஷனில் அது கைகொடுப்பதற்குக் காரணம் இந்த வேகம். நம் ரத்தத்தில் ஓடும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனே சிதைத்துவிடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மிகக் குறைவு, அல்லது வேலை செய்யாத வகையாக இருக்கும். அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒரு தொந்தரவும் தெரியாது. ஸ்கோலின் போட்டால் மட்டும், 10 நிமிடங்களில் தீர வேண்டியது பல மணி நேரம் நீளும். டாக்டர்கள் இதை ஸ்கோலின் அப்னியா என்பார்கள்.

இதில் உயிருக்குப் பயப்பட வேண்டியதில்லை. மருந்து தானாகத் தீரும் வரை வென்டிலேட்டரில் வைத்து, தூங்கவும் வைத்திருந்தால், எந்தப் பாதிப்பும் இல்லாமல் எழுந்துவிடுவார். முன்பே தெரிந்திருந்தால் ஸ்கோலினைத் தொடாமல் ரோக்குரோனியம் போன்ற வேறு ஊசியைப் போட்டிருக்கலாம். அந்தக் குடும்பம் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கவே வேண்டியதில்லை.

இந்தக் குறை எங்கும் உண்டு. ஆனால் தென்னிந்தியாவின் ஆரிய வைசியச் செட்டியார் சமூகத்தில் இது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே திருமணம் நடக்கும் சமூகங்களில் இப்படி ஒரு மரபணு மாற்றம் தங்கிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மும்பையில் டாக்டருக்கு உங்கள் சமூகத்தைப் பற்றியோ இந்த விஷயத்தைப் பற்றியோ தெரியாமல் இருக்கலாம். அதனால் அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். அத்தை பிள்ளைக்கு, மாமாவுக்கு, தாத்தாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு 'மயக்கம் தெளிய ரொம்ப நேரமாச்சு' என்று வீட்டில் ஒரு கதை இருந்தால் அதுவும் இந்த ரகமாக இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் நொதியின் அளவைப் பார்க்கலாம். அந்த நொதி எந்த வகை என்பதைக் காட்டும் டைபுகெய்ன் எண் என்று இன்னொரு பரிசோதனையும் உண்டு. சாதாரணமாக அது 80 பக்கம் இருக்கும், பரவலாகக் காணப்படும் பரம்பரைக் குறையில் 20 பக்கம் இறங்கிவிடும். ஒருவருக்கு இந்தக் குறை உறுதியானால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க 4இல் 1 வாய்ப்பு உண்டு; அவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. குறை இருப்பவர்கள் 'சக்சினைல்கோலின் கூடாது' என்று ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் சீட்டை லேமினேட் செய்து ஆதார் அட்டையோடு வைத்திருங்கள். விபத்தில் நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டால் உங்களுக்காகப் பேச அந்தச் சீட்டுதான் இருக்கும்.

கல்லீரல் கெட்டவர்களுக்கும், சமீபத்தில் பூச்சிமருந்து விஷம் ஏறியவர்களுக்கும் இந்த நொதி குறையும். ஊரில் வயலுக்கு மருந்தடித்துவிட்டு நேரே ரயிலேறி வந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் செய்தது காலில்தான், ஆனால் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறதே?

ஸ்கோலின் போட்ட மறுநாள் இப்படி வலிக்கலாம். தசை தளர்வதற்கு முன் ஒருமுறை துடிப்பதால் வருவது. கழுத்து, தோள், முதுகில் தெரியும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். டாக்டர் சொல்லும் வலி மாத்திரை போதும்.

என் வீட்டுக்காரர் மாவா, குட்கா போடுவார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மகாராஷ்டிராவில் 2012 முதல் குட்காவுக்குத் தடை இருந்தும் பழக்கம் போகவில்லை. பாக்கும் புகையிலையும் வருஷக்கணக்கில் மென்றால் வாயின் உட்பக்கம் நார்போல் இறுகிவிடும். வாய் சரியாகத் திறக்காது. தசைத் தளர்த்தி போட்டாலும் அந்த இறுக்கம் இளகாது, ஏனென்றால் அது தசையின் இறுக்கமில்லை. மூச்சை நிறுத்திவிட்டு, டியூப் போட வாய் திறக்கவில்லை என்றால் நிலைமை மிக ஆபத்தாகிவிடும். கண்ணாடி முன் நின்று, அவருடைய மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா வைத்து டியூப் போடும் வழி இருக்கிறது. அதற்கு ஏற்பாடு செய்ய நேரம் வேண்டும். ஆடும் பல், கழற்றும் பல்செட் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

காலையில் ஒரு கட்டிங் சாய் மட்டும் குடித்தால்?

கூடாது. தொண்டைத் தசையும் தளர்ந்துபோவதால், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கலாம். சாப்பாடு, பால், பால் சேர்த்த டீ, காபி எல்லாம் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் இன்னும் முன்பே. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 4 மணி நேரம். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுவே சட்டம். சர்க்கரைக்கோ எடை குறையவோ செமாகுளுடைடு போடுபவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வயிறு காலியாவதை அது தாமதப்படுத்தும். தெரியாமல் குடித்துவிட்டால் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வேறு என்னவெல்லாம் சொல்ல வேண்டும்?

பக்கவாதம் வந்து கைகால் விழுந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், பெரிய தீக்காயம் பட்டவர்கள், வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்களுக்கு ஸ்கோலின் போட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று ஏறி இதயம் நின்றுவிடலாம். டயாலிசிஸ் செய்பவர்கள் கடைசியாக எப்போது செய்தார்கள் என்று சொல்லுங்கள். சிறுநீரகத்தை நம்பியிராமல் உடம்புச் சூட்டிலேயே தானாகச் சிதையும் அட்ராகுரியம் அவர்களுக்கு உதவும்.

மாலையில் இமை தொங்குவது, சாப்பிடும்போது தாடை சோர்வது மயஸ்தீனியா கிராவிஸ் நோயின் அறிகுறிகள். அந்த நோயாளிக்கு ரோக்குரோனியம், வெக்குரோனியம் போன்றவற்றில் வழக்கமான அளவில் சிறு பங்கே நீண்ட நேரம் நிற்கும். வலிப்புக்கு நீண்ட நாளாக ஃபினைட்டாய்ன் சாப்பிடுபவருக்கு மாறாக அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும், கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மெக்னீசியமும் இதன் வேலையை நீட்டும். பெயர் நினைவில் நிற்காது என்றால், சாப்பிடும் மருந்து அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

பையனுக்கு ஆபரேஷன். குழந்தைகளுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

ஆண் குழந்தை தாமதமாக நடந்தானா, அடிக்கடி விழுகிறானா, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுகிறானா என்று பாருங்கள். இவை தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம். அது பெரும்பாலும் தாய் வழியில் வருவது. தாய்மாமனுக்கோ பெரியம்மா, சித்தி மகனுக்கோ சின்ன வயதிலேயே நடை போயிருந்தால் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்கோலின் போடக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது தியேட்டரில் உடம்பு கொதித்து, தசை விறைத்துப்போனதாக வரலாறு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஸ்கோலினும் சில மயக்க வாயுக்களும் அவர்களுக்கு ஆகாது.

முடிந்ததும் இந்த ஊசியின் வேலையை எப்படி நிறுத்துகிறார்கள்?

நரம்பிலிருந்து வரும் அசெட்டைல்கோலின் என்ற பொருள் தசையில் உட்கார வேண்டிய இடத்தில், சர்ச்கேட் லோக்கலில் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பதுபோல ரோக்குரோனியம், வெக்குரோனியம் போன்றவை உட்கார்ந்துகொள்கின்றன. நியோஸ்டிக்மின் என்ற ஊசி அசெட்டைல்கோலினின் கூட்டத்தைப் பெருக்கி அவற்றை நெருக்கித் தள்ளுகிறது. அது இதயத்துடிப்பை மெதுவாக்கும் என்பதால் கிளைகோபைரோலேட்டைச் சேர்த்துக் கொடுக்கிறோம். சுகமடெக்ஸ் வேறு வழி. ரோக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் அப்படியே கவ்விக்கொண்டு உடம்பை விட்டு வெளியேற்றிவிடும். வேகமாக வேலை செய்யும், விலை அதிகம்.

முழுவதும் தெளிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. மணிக்கட்டில் நரம்பின் மேல் நான்கு சின்ன மின்துடிப்பு கொடுத்துக் கட்டைவிரல் அசைவதை அளக்கும் கருவி இருக்கிறது. நான்காவது அசைவு முதல் அசைவில் 90 சதவீதமாவது இருந்தால்தான் டியூபை எடுப்பது பாதுகாப்பு. இந்தக் கருவி எல்லாத் தியேட்டரிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுப்பும்போது ஹிந்தியில் பேசுவார்களே, அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்?

ரொம்ப முக்கியமான கேள்வி. டியூபை எடுப்பதற்கு முன் 'ஆங்க் கோலோ', 'ஹாத் தபாவ்', 'ஸிர் உடாவ்', 'லம்பா ஸாஸ் லோ' என்பார்கள். மராத்தியில் 'டோளே உகடா' என்பார்கள். கண்ணைத் திற, கையை அழுத்து, தலையைத் தூக்கு, மூச்சை நன்றாக இழு என்பதுதான். அம்மாவுக்குப் புரியாமல் பேசாமல் கிடந்தால், இன்னும் தெளியவில்லை என்று டாக்டர் நினைக்க நேரிடும். முந்தின நாள் இரவு இந்த நாலு வார்த்தையையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதோடு, தமிழ் வார்த்தைகளை ஹிந்தி எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கேஸ் பேப்பரோடு வைக்கச் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி இருந்தால், எழுப்பும் நேரத்தில் அதை மாட்டிவிடும்படி கேளுங்கள். கையெழுத்து வாங்கும் தாளில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால், புரியும் மொழியில் விளக்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்; அது உங்கள் உரிமை.

சீட்டு கொடுத்து இந்த ஊசியை வெளியே வாங்கிவரச் சொன்னால்?

ஸ்கோலின், ரோக்குரோனியம், அட்ராகுரியம் எல்லாம் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியவை. கடையிலேயே ஐஸ் பேக் கேட்டு வாங்கி, வெயிலில் அலையாமல் நேரே நர்ஸ் கையில் கொடுங்கள். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் இந்த மருந்து உயிரைக் கொல்லும்.

அலர்ஜி வருமா?

அபூர்வமாக வரும். பிரிட்டனில் 2018இல் வெளியான ஆய்வில், மயக்கம் பெற்ற சுமார் 10,000 பேரில் ஒருவருக்குக் கடுமையான அலர்ஜி வந்தது. ஆன்டிபயாடிக்குகளுக்கு அடுத்த காரணம் தசைத் தளர்த்திகள். ஃபோல்கோடின் கலந்த இருமல் மருந்து குடித்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுவதால், அதைச் சந்தையிலிருந்து விலக்க ஐரோப்பிய மருந்து முகமை 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. கடந்த 12 மாதத்தில் குடித்த இருமல் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். முன்பு அலர்ஜி வந்தவர்கள், அப்போது போட்ட எல்லா மருந்துகளின் பெயரும் உள்ள டிஸ்சார்ஜ் பேப்பரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா? கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனே?

நன்றாக விழித்து, பிள்ளையைப் பிடிக்கத் தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம். தசைத் தளர்த்தி பாலில் மிக மிகக் குறைவாகவே வரும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு சுகமடெக்ஸ் போட்டிருந்தால், அடுத்த 7 நாளைக்குக் கூடுதலாக வேறு பாதுகாப்பு தேவை. இதை வார்டில் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்டுக்கு வந்த பிறகு பக்கத்தில் இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கண் திறந்தும் இமை மேலே நிற்காமல் சரிவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, எச்சில் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிவது, குரல் சன்னமாகிப்போவது, இருமத் தெம்பில்லாமல் மூச்சுக்கு நெஞ்சு தவிப்பது. இவற்றில் எதைப் பார்த்தாலும் ஊசியின் மிச்சம் உடம்பில் இருக்கலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கி 5 விநாடி பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். முடிந்தாலும்கூட மற்ற அறிகுறி இருந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். 'மயக்கம் இன்னும் தெளியல, தூங்கட்டும்' என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிட்டு, மயக்க டாக்டரை வரவழைக்கச் சொல்லுங்கள். அவர் வரும் வரை வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.